வெட்கத்துக்கு இரண்டு வால்

அன்று அந்த வார்டில் இருந்தவர்கள் ஏழு பேர். பிற்பாடு மாமல்லபுரத்தில் எங்கள் தெருவில் பாதிப் பேர் தாங்களும் கூட இருந்ததாகச் சொல்லிக்கொண்டு திரிந்ததால் இதை முதலிலேயே எழுதிவைக்கிறேன். ஜன்னலோரக் கட்டிலில், இடது கையில் மாவுக்கட்டும் நெற்றியில் பிளாஸ்திரியுமாக ஐஸம்மா. அவள் காலடியில் ஸ்டூலில், சட்டை மடிப்புக் கலையாமல், யாரைப் பற்றி எழுத உட்கார்ந்தேனோ அந்த மனிதர். எதிரே நோட்டும் பேனாவுமாக ஏட்டையா. பக்கத்துக் கட்டிலில், வேடந்தாங்கலுக்குப் போய்ப் பறவையை அண்ணாந்து பார்த்தபடியே ஏரிக்கரையில் இறங்கிய படூர் அக்கா, காலில் கட்டோடு. அந்த அக்காவின் வீட்டுக்காரர், லேப்டாப்பில் ஆபீஸ் மீட்டிங்கில். ஊசி போட வந்து கதை கேட்க நின்றுவிட்ட நர்ஸ். ஏழாவதாக, சுவரோடு சுவராக நான்.

ஐஸம்மாவுக்கு ஐஸ்லாந்து. வாயில் நுழையாத பெயர் ஒன்று இருந்தது, நாங்கள் சுருக்கிக்கொண்டோம். எழுபதைத் தாண்டியவள். அங்கே மீன் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, வருடா வருடம் மார்கழியில் எங்கள் ஊருக்கு வந்து மாசி வரை தங்குவாள். ஆங்கிலம் கொஞ்சம் பேசுவாள். ஆனால் தலையில் அடிபட்டதிலிருந்து அந்தக் கொஞ்சமும் எங்கோ போய்விட்டது. அவள் மொழியில்தான் முனகினாள். அந்த மொழி தெரிந்த ஒரே ஆள் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அந்த மனிதர்தான். வண்டியை ஓட்டிக்கொண்டுபோய் அவளைக் கீழே தள்ளியவரும் அவரேதான்.

வண்டி என்னுடையது. அதனால்தான் சுவரோடு சுவராக நின்றேன்.

அவர் எங்கள் ஊரில் கைடு. கல் யானைக்கும் தவம் செய்யும் பூனைக்கும் நடுவில் நின்றுகொண்டு கதை சொல்கிற தொழில். பிரெஞ்சு பேசும் கைடுகள் உண்டு, ஜெர்மன் பேசுபவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு கஷ்டம்: அந்தந்த நாட்டுக்காரர்கள் கும்பல் கும்பலாக வந்து எதிரில் நின்று தப்பைத் திருத்திவிடுவார்கள். இவர் கெட்டிக்காரர். நம்முடைய ஒரு மாவட்டத்தில் பாதி ஜனம்கூட இல்லாத ஒரு நாட்டின் மொழியாகப் பார்த்துப் பிடித்தார். தட்டியில் 'ஐஸ்லாண்டிக் பேசப்படும்' என்று எழுதி மாட்டினார். பேசுவேன் என்று எழுதவில்லை, பேசப்படும். யாரால் என்று யாரும் கேட்கவில்லை.

அதுதான் அவர். பதினோரு வருடப் பழக்கத்தில் அவர் ஒரு காரியத்தைச் செய்தேன் என்று சொல்லி நான் கேட்டதில்லை. எல்லாம் தானாக ஆகும். என் வாடகைச் சைக்கிள் கடை பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்பார், கண்ணாடி கிளாஸ் கை தவறும். குனிந்து பார்த்து, ஏதோ அதற்கே அறிவில்லை என்பதுபோல, ஒடஞ்சிக்கிச்சி தங்கச்சி என்பார். வாடகைக்கு எடுத்த சைக்கிளின் சாவி காணாமல் போகும். தொலைத்தேன் இல்லை, தொலஞ்சிபோச்சி. ஒன்பது மணிக்கு வரச் சொன்ன டூரிஸ்ட் பதினொன்றரை வரை வெயிலில் நிற்பார்கள், நேரம் ஆயிடுச்சி. நேரம் என்பது பஸ்போல, அதுவாக வந்து அதுவாகப் போய்விடும்.

அவர் மனைவி கேளம்பாக்கத்தில் ஒரு ஜவுளிக்கடையில் இருக்கிறாள். அவளிடம் ஒருமுறை, எப்படிக்கா இவரைக் கட்டிக்கினீங்க என்று கேட்டுவிட்டேன். துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்:

"அந்தாளு என்னிய கட்டிக்கல. அவருக்குக் கல்யாணம் ஆயிடுச்சி. அப்பால புள்ள பொறந்துடுச்சி. அப்பால நான் தனியா ஆயிட்டேன். கேட்டா அவருக்கே தெரியாது, எப்டி ஆச்சினு."

இப்படிப்பட்ட மனிதர் கையில் ஐஸ்லாந்து மொழி கிடைத்தால் என்ன ஆகும்? குரங்கின் கையில் பூமாலை என்பார்கள். இங்கே பூமாலை குரங்குக்கென்றே அளவெடுத்துக் கட்டியதாக இருந்தது.

நான் சொல்வது எனக்குப் புரிந்த அளவுக்குத்தான். எட்டாவதோடு நின்றவள் நான். படிப்பு 'நின்னுபோச்சி' என்றுதான் எங்கள் வீட்டிலும் சொல்வார்கள். நிறுத்தியது யார் என்ற கேள்வி அங்கேயும் வந்ததில்லை. ஆனால் சைக்கிள் கடை பெஞ்சில் வேறு வேலையில்லாத ஒருவர் மூன்று மார்கழி உட்கார்ந்து உரக்கப் படித்தால், பங்ச்சர் ஒட்டுகிற காதில் விழத்தான் செய்யும். ஐஸம்மாவிடம் காலையில் கற்றுக்கொண்டதை மத்தியானம் என்னிடம் வந்து ஒப்பிப்பார். கேட்க நான் ஒருத்திதான் இருந்தேன், அதுவும் ஓடிப்போக முடியாமல்.

விஷயம் இதுதான். அந்த ஊர்க்காரர்கள் பல வினைகளுக்குப் பின்னால் ஒரு வால் ஒட்டுகிறார்கள். சவரம் செய்கிறேன் என்றால் யாருக்கு என்று கேட்பார்களாம். சவரம் செய்துகொள்கிறேன் என்றால் 'ராக்கா'வுக்குப் பின்னால் ஒரு 'மிக்'. நான் என்றால் மிக், நீ என்றால் திக், அவன், அவள், அது, ஊரே சேர்ந்து என்றாலும் ஒரே சிக்.

"சிக்கா? சிக்கெடுக்கிற சிக்கா?" என்றேன்.

"அதே சிக்குதான் தங்கச்சி. அவுத்துப் பாத்தா நம்ம கினு. வெட்டிக்கினேன், குளிச்சிக்கினேன்னு நாம ஒட்றோம்ல, அத்த அவங்க தனியா பிச்சி வெச்சிகீறாங்க."

நியாயமாகச் சொன்னால், அந்த ஒன்றை அவர் அழகாகச் சொன்னார். எங்கள் பேச்சில் கினு போடாத வார்த்தையே கிடையாது. சென்னைக்குப் போனால் அதை வைத்துத்தான் கிண்டல் செய்வார்கள். அதே கினு கடலுக்கு அப்பால், பனியில், இலக்கணப் புத்தகத்தில் மரியாதையாக உட்கார்ந்திருக்கிறது என்று கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் கர்வம் வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

வாலிலும் வகை உண்டு. சில வினைக்கு மிக், திக், சிக். சிலவற்றுக்கு ம்யேர், த்யேர், ச்யேர். அவசரப்படுவதற்கு ம்யேர், ஓய்வெடுப்பதற்கு மிக். ஏன் என்று கேட்டேன். அது அப்படி வந்துகிச்சி என்றார். எந்த வினைக்கு எந்த வால் என்பது மனப்பாடம்தான் என்று பிறகு புரிந்தது; எந்த பஸ் எந்த ஸ்டாப்பில் நிற்காது என்று தெரிந்துவைத்திருக்கிறோமே, அதுபோல. அவர் நோட்டில் மூன்றாவதாக ஒரு வரிசைக்குக் கோடு மட்டும் போட்டிருந்தது, உள்ளே காலி. அது எப்பவாச்சும்தான் வரும், வுடு என்று தாண்டிவிட்டார்.

கல்யாணத்துக்கும் வால் உண்டாம். வால் இல்லாமல் சொன்னால் ஒருவருக்குக் கட்டிவைப்பது, 'கிஃப்டா'. சிக் சேர்த்தால் கட்டிக்கொள்வது. இதைச் சொல்லிவிட்டு அவர் நோட்டை மூடிவைத்தார். நான் டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தேன்.

கவலைப்படுவதற்கு எந்த வால் என்று நான் ஒருமுறை கேட்டேன். எனக்கு வேண்டியது அதுதானே. வாடகைக்குப் போன வண்டி திரும்பும் வரை எனக்குச் சோறு இறங்காது. ஐஸம்மாவைக் கேட்டு வந்து சொன்னார்: கவலைக்கு வால் இல்லையாம். அங்கே கவலைப்பட மாட்டார்களாம், கவலை வைத்திருப்பார்களாம், பர்ஸில் டப்பு வைத்திருப்பதுபோல. அப்படியானால் அந்த ஊர்க் கணக்கில் நான் பணக்காரி.

ஆனால் அவர் உயிரையே விட்டது வேறொரு வாலில். 'ஸ்ட்'. அதை வினையோடு சேர்த்தே ஒட்டிவிடுவார்கள். மறந்தேன் என்பதற்கு ஒரு சொல்; அதில் ஸ்ட் ஒட்டினால் மறந்துபோச்சி. தொலைத்தேன் என்பதில் ஸ்ட் ஒட்டினால் தொலைந்துபோச்சி. செய்வது என்பதிலேயே ஸ்ட் ஒட்டினால், நடப்பது. செய்தவன் கரைந்துபோய் காரியம் மட்டும் நிற்கும். அன்று அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நாற்பத்தைந்து வருடமாக ஊர் திட்டிக்கொண்டிருந்த ஒரு குணத்துக்கு ஒரு நாடே இலக்கணம் எழுதிவைத்திருக்கிறது.

"பாத்தியா, எவ்ளோ மரியாதயான பாஷ," என்றார். "யாரையும் புடிச்சி நிறுத்தி, நீதானே செஞ்சேனு கேக்காது."

சம்பவத்துக்கு வருகிறேன். என்னிடம் சைக்கிள்கள் தவிர இரண்டு ஸ்கூட்டர். மகளிர் குழுவில் கடன் வாங்கி எடுத்தது. வாடகைக்கு விடும் வண்டிக்கு வேறு நம்பர் போர்டு வேண்டும், வேறு பர்மிட் வேண்டும். என்னுடையது இரண்டும் வீட்டு வண்டிக்கான வெள்ளை போர்டு. ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் விடுகிறார்கள் என்பது எனக்குப் பகலில் மட்டும் ஆறுதல். ஒரு கேஸ் விழுந்தால் வண்டி ஸ்டேஷனுக்குப் போகும், தவணை நிற்கும், குழுவில் பத்துப் பெண்கள் என் வாசலில் நிற்பார்கள். இதை நான் மூன்று வருடமாக ஒவ்வொரு நாளும் கற்பனையில் நடத்திப் பார்த்திருந்தேன். கற்பனையில் ஏட்டையா இன்னும் குண்டாக இருந்தார். மற்றதெல்லாம் சரியாகவே இருந்தது.

அன்று காலை ஐஸம்மாவுக்குப் புலிக்குகை பார்க்க வேண்டும். அவர் வண்டி கேட்டார். முன் பிரேக் கேபிள் நைந்துபோயிருந்தது. பின் பிரேக்க புடிங்கண்ணா, முன்னாடி லூசா கீது என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தேன். சொன்னேன், அது உண்மை. அவர் தலையாட்டினார். ஐஸம்மா அந்த வெயிலிலும் கம்பளி நூலும் ஊசியும் இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினாள். போகும்போது என்னைப் பார்த்துக் கையசைத்தாள்.

திரும்பி வரும்போது சவுக்குத்தோப்பு வளைவில் ரோட்டில் மணல். வண்டி படுத்துவிட்டது. அவருக்கு ஒரு கீறல் இல்லை. அதிலும் ஒரு ஒழுங்கு இருக்கிறது பாருங்கள். ஐஸம்மாவுக்குக் கை முறிந்தது, தலை ரோட்டில் மோதியது. வழியில் போன ஷேர் ஆட்டோவில் ஏற்றி, ஊர் ஆஸ்பத்திரியில் முதலுதவி, பிறகு செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரி. எனக்கு அவர் போனில் சொன்ன வாக்கியம் இது: ஐஸம்மாவுக்கு அடிபட்டுச்சி, வண்டி வுழுந்துட்ச்சி, பயப்படாத. மூன்று வினை. முதல் இரண்டுக்கும் ஆள் இல்லை. மூன்றாவதற்கு மட்டும் ஆள் நான்.

ஆஸ்பத்திரிக்கு வெளிநாட்டுக்காரி வந்ததால் போலீஸ் வந்தது. கேஸ் வேண்டுமா வேண்டாமா என்பது அந்தம்மா சொல்வதைப் பொறுத்தது என்றார் ஏட்டையா. நல்ல மனிதர்தான். வீட்டுக்குப் போகும் அவசரம் அவர் முகத்தில் இருந்தது. அதில்தான் நான் என் நம்பிக்கை முழுவதையும் வைத்திருந்தேன். என்ன ஆச்சு என்று அந்தம்மாவையே கேளு, அவங்க வாயால வரணும் என்றார்.

நம்மவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டு கேட்டார்: "க்வாத் கெர்திஸ்ட்?"

என்ன நடந்தது. ஸ்ட் போட்டுத்தான் கேட்டார். என்ன செய்தோம் என்று கேட்டுவிடுவாரோ என்று பயந்தவள் நான் ஒருத்திதான்.

ஐஸம்மா கண்ணைத் திறந்து, மாவுக்கட்டைத் தொட்டு, சின்னப் பிள்ளைபோலச் சொன்னாள்: "யேக் மெய்த்தி மிக்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தவப் பாறைக்கு முன்னால் டூரிஸ்டுகளுக்கு எடுத்து விடுகிற அதே குரல் வந்தது. "கவனித்தீர்களா ஐயா, மிக் என்கிறார். தன்வினை. தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டேன் என்கிறார்."

ஏட்டையாவின் பேனா நின்றது. "தன்னைத்தானேவா?"

"சொல்லுல அப்டித்தான் கீதுங்க."

"ஓடுற வண்டிலருந்து குதிச்சிட்டாங்களா?"

"குதிச்சாங்கனு நான் சொல்லல. காயம்... அவங்க செயல்."

ஓட்டியவர் செயல் இல்லை என்று நிரூபிக்க அவருக்கு ஒரு மொழியே கைகொடுத்தது. அந்தச் சந்தோஷத்தில் அடுத்த படி எங்கே இறங்குகிறது என்று பார்க்கவில்லை. ஏட்டையா நோட்டை மூடி, விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். வெளிநாட்டுக்காரி தற்கொலை முயற்சி என்றால் அது தன் அளவில் முடியாது. இன்ஸ்பெக்டருக்குப் போக வேண்டும், அங்கிருந்து எம்பசிக்கு. பாஸ்போர்ட், தங்கிய இடம், மனநல டாக்டர். ஏறிய வண்டியையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். எண்ணி முடித்துவிட்டுக் கேட்டார்: "வண்டி யாருது?"

நான் சுவரோடு இன்னும் ஒட்டிக்கொண்டேன்.

நான் பேசுகிறவள் இல்லை. ரேஷன் கடையில் எடை குறைந்தாலும் வீட்டுக்கு வந்துதான் பேசுவேன். ஆனால் மூன்று மார்கழி கேட்ட பாடம் வாயில் வந்தது. ஏட்டையாவிடம் பேசப் பயம், அதனால் பக்கத்துக் கட்டிலிடம் பேசினேன்.

"அக்கா, உங்க காலுக்கு இன்னா ஆச்சி?"

படூர் அக்கா இதற்காகவே காத்திருந்ததுபோலச் சொன்னாள். "ஏரிக்கரைல கால ஒடச்சிக்கிட்டேன்மா."

"நீங்களே ஒடச்சிக்கினீங்களா?"

"பின்ன? இவரா ஒடச்சார்?" என்று வீட்டுக்காரரைக் காட்டினாள். அவர் லேப்டாப்பை மியூட்டில் போட்டுவிட்டுத் தான் உடைக்கவில்லை என்றார்.

நான் ஏட்டையா பக்கம் திரும்பினேன். "ஐயா, இவங்க மேலயும் தற்கொல கேஸ் போடுவீங்களா? கைய வெட்டிக்கினேன்னு நாம சொல்றதில்லியா, அது கத்தி எடுத்து வெட்டிக்கிறதா? அந்தம்மா சொன்ன மிக்கு நம்ம கினுதாங்க. அடிபட்டுக்கினேன்னு சொல்றாங்க. அவ்ளோதாங்க."

நர்ஸ் சிரித்துவிட்டாள். ஏட்டையா யோசித்தார். அவரும் எங்கள் பக்கத்து ஆள்தான், கினு இல்லாமல் அவராலும் ஒரு நாளை ஓட்ட முடியாது. நம்மவரைப் பார்த்து, இன்னாய்யா, பாஷ தெரிஞ்சது உனக்கா இந்தம்மாவுக்கா என்று கேட்டார். அவர் ஐஸம்மாவின் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

நான் மூச்சு விட்டேன். ஒரு மூச்சுதான். நோட்டு மறுபடி திறந்தது.

"சரி, அடிபட்டுக்கினாங்க. வண்டி எப்டி வுழுந்துச்சி? யார் ஓட்னது?"

"வண்டி என் கைல இருந்துச்சிங்க," என்றார் அவர்.

"பிரேக் புடிச்சியா இல்லியா?"

அப்போது அவர் என்னைப் பார்த்தார். பதினோரு வருடத்தில் அவர் என்னை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று தோன்றியது. பிரேக் பிடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் தப்பிவிடுவார், ஏட்டையா என் வண்டியின் பிரேக்கைப் பார்க்கப் போவார், மற்றதெல்லாம் நான் மூன்று வருடமாக ஒத்திகை பார்த்ததுதான். அவரைப் போன்ற ஒருவருக்கு இதைவிடச் சுலபமான வாக்கியம் கிடைக்காது. அதுவும் தானாகப் பிடிக்காத பிரேக்.

"பிரேக்கு புடிச்சிச்சிங்க," என்றார். "மணல் கெடந்துச்சி. வண்டி சறுக்கிக்கிச்சி."

ஏட்டையா எழுதிக்கொண்டார்: சாலையில் கிடந்த மணலில் வாகனம் சறுக்கியதில். ஐஸம்மா வலது கையால் கையெழுத்துப் போட்டாள். புகார் இல்லை, கேஸ் இல்லை. மூன்று வாக்கியத்தில் ஒரு ஆள்கூட இல்லாமல் எல்லாரும் வீட்டுக்குப் போனோம்.

அவர் என்னைக் காப்பாற்றினாரா, பழக்கதோஷத்தில் வாய் அப்படிப் போய்விட்டதா என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். நல்லது நடந்தாலும் அதைப் பிரித்துப் பார்த்துப் பயப்படுவது என் சுபாவம். படியில் இறங்கும்போது அவர் சொன்னார்:

"வண்டி செலவ நான் பாத்துக்கறேன் தங்கச்சி."

நான் என்ற சொல்லும், கொள்கிறேன் என்ற வாலும் ஒரே வாக்கியத்தில் அவர் வாயிலிருந்து வந்தது அன்றுதான். அதை நம்பி, ஐஸம்மா பின்னால் பணம் நீட்டியபோது நான் வேண்டாம் என்றுவிட்டேன். எனக்கு அறிவு அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்து மெக்கானிக் வண்டியைப் பிரித்தான். ஹெட்லைட் போயிருந்தது, முன் மட்கார்டு, ஒரு கண்ணாடி, பக்கத்து மூடி. பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். முன் பிரேக் கேபிள் அறுந்திருந்தது. அறுந்த முனை வெளியே தொங்கவில்லை. வளையமாகச் சுருட்டி, ஹெட்லைட்டுக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாதபடி சொருகியிருந்தது.

வண்டி விழுந்தபோது சுருட்டிக்கொண்டிருக்கும் என்றேன்.

"கேபிள் தானா சுத்திக்காதுக்கா," என்றான் மெக்கானிக். "யாரோ சுத்தி வெச்சிகீறாங்க."

அந்த வளைவில், ஐஸம்மா ரோட்டில் கிடக்க, ஷேர் ஆட்டோ வந்து நிற்பதற்குள், அறுந்த பிரேக் போலீஸ் கண்ணில் படாமல் இருக்க அவர் குனிந்து இதைச் செய்திருக்கிறார். அவர் வாழ்க்கையில் தன் கையால் செய்ததாக எனக்குத் தெரிந்த ஒரே காரியம் இது. அதை மட்டும் அவர் எந்த வாலோடும் சொல்லவில்லை. அதற்காக அவரை மகான் ஆக்கிவிட வேண்டாம். முறிந்த கையோடு ஒரு கிழவி கிடக்கும்போது ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தவர் அவர். இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பார்த்தால் எனக்கு இன்றும் வருவது கோபமா வேறொன்றா என்று பிரிக்கத் தெரியவில்லை.

கேட்கலாம் என்று போனேன். அவர் இல்லை. தட்டி மட்டும் சுவரில் சாய்ந்திருந்தது: ஐஸ்லாண்டிக் பேசப்படும். கொச்சிப் பக்கம் மீன் ஏற்றுமதி செய்யும் இடத்தில் வேலை கிடைச்சிடுச்சாம் என்று பக்கத்து இளநீர்க் கடைக்காரர் சொன்னார். போயிட்டாரா என்றேன். போவ வேண்டியதா ஆயிடுச்சாம் என்றார். இந்த நோய் தொற்றும்போல.

ஐந்து மாதம் கழித்து, தெரியாத நம்பரிலிருந்து எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. அவர் குரல். பின்னால் ஏதோ மெஷின் ஓடும் சத்தம். மூன்றே சொல்: "யேக் ஸ்கம்மஸ்ட் மீன்."

யேக் என்றால் நான். மீன் என்றால் மீன். மீன் கம்பெனியில் இருக்கும் மனிதர் பணத்துக்குப் பதில் மீன் அனுப்பப் போகிறார் என்று எடுத்துக்கொண்டேன். ஸ்கம்மஸ்ட் என்ன ஜாதி மீன், அது ஐஸ் பெட்டியில் கொச்சியிலிருந்து வந்து சேரும்வரை கெடாமல் இருக்குமா, பார்சலை வாங்க நான் கடையில் இல்லாவிட்டால் யார் வாங்குவார்கள் என்று ஒரு வாரம் கவலை வைத்திருந்தேன். மீன் வரவில்லை. அந்த நம்பரும் பிறகு எடுக்கவில்லை.

அடுத்த மார்கழியில் ஐஸம்மா வந்தாள். கை நேராகக் கூடியிருந்தது, ஆங்கிலமும் திரும்பியிருந்தது. அவளைப் பெஞ்சில் உட்காரவைத்து மெசேஜைப் போட்டுக் காட்டினேன். முதலில் சிரித்தாள். பிறகு ஊசியையும் நூலையும் மடியில் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் முகத்தை மூடிக் காட்டினாள். மூடிய விரல் இடுக்கில் என்னைப் பார்த்தாள். அதற்கு எந்த மொழியும் தேவைப்படவில்லை.

வெட்கம். வெட்கப்படுகிறேன்.

அவர் விட்டுப்போன நோட்டு என்னிடம்தான் இருந்தது. காலியாக இருந்த அந்த மூன்றாவது வரிசையில் ஐஸம்மா எழுதி, வாய்விட்டு எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். நான் என்றால் மீன். நீ என்றால் தீன். மற்ற எல்லாருக்கும் சீன். பிறகு அந்தச் சொல்லில் விரலை வைத்து ஸ்ட் என்று காட்டினாள், அடுத்து மீன் என்று காட்டினாள், இரண்டு விரலை நீட்டினாள். மற்ற வினைக்கெல்லாம் ஒரு வால் போதுமாம். இதற்கு இரண்டும் வேண்டும். தானாக ஆனதுபோல ஸ்ட் போட்டுவிட்டுத் தப்பிக்கப் பார்த்தால், பின்னாலேயே மீன் வந்து ஆளைப் பிடித்துவிடும்.

அப்போ தாண்டிப் போன அந்த வரிசையை அவர் எப்போதோ கற்றுக்கொண்டிருக்கிறார். ஐஸம்மா சொல்லித்தரவில்லையாம், கேட்டேன். கொச்சியில், மீனுக்கு நடுவில், யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாரோ.

நான் எதற்கு முகத்தைத் தொங்கப்போட்டேன் என்று ஐஸம்மாவுக்குப் புரிந்திருக்காது. இந்தப் பக்கங்களிலேயே மேலே பாருங்கள், முன் பிரேக் கேபிள் நைந்துபோயிருந்தது என்று எழுதியிருக்கிறேன். நன்றாக வால் ஒட்டியிருக்கிறேன். மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் சொல்லி இரண்டு வாரம் ஆகியிருந்தது. சீசன், வண்டியை ஒரு நாள் நிறுத்தினால் வாடகை போகும். நான் மாற்றவில்லை.

ரிப்பேருக்கு ஆனது ஏழாயிரத்து எண்ணூற்று ஐம்பது. அதில் கேபிள் நூற்று எண்பது. அது என் கணக்கு, கழித்துவிட்டேன். மீதி அவர் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னது, இன்னும் நிற்கிறது: ஏழாயிரத்து அறுநூற்று எழுபது ரூபாய்.